கருப்பையின் மின்குறிகள்

இதயம் துடிக்கும்போது மெல்லிய மின்னோட்டம் ஒன்று எழுகிறது என்பதும், மார்பின்மீது வைக்கப்படும் மின்வாய்களின் வாயிலாக அதனைக் காகிதத்தில் கோடாகப் பதிவு செய்யலாம் என்பதும் இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. தசை சுருங்கும் இடங்களில் எல்லாம் அச்சுருக்கத்துக்கு முன்னோடியாக ஒரு மின்மாற்றம் நிகழ்கிறது. கருப்பையும் தசையாலான உறுப்பே ஆகும். பிரசவ வேளையில் அது எத்துணை வலிமையுடன் சுருங்குகிறது என்பதைத் தாய்மார் அனைவரும் அறிவர். ஆனால், கருவுறாத காலத்திலும் அவ்வுறுப்பு முற்றிலும் ஓய்ந்திருப்பதில்லை. மாதந்தோறும் அலைபோன்ற மெல்லசைவுகள் அதில் எழுந்தும் அடங்கியும் வருகின்றன. இவ்வசைவுகள் விந்தணு முட்டையைச் சென்றடையத் துணை புரிகின்றன. வேளை தவறி மிகுமாயின், அவையே கரு பதிவதற்கு இடையூறாகவும் அமையக்கூடும். ஆகவேதான் கருத்தரிப்புப் பற்றி ஆராயும் மருத்துவரும் மின்பொறியியலாரும் இந்த அசைவுகளின் மின்குறிகளைப் பதிவு செய்து பகுத்தறிய முற்பட்டுள்ளனர்.

இதன் தேவை சிறிதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருவுறாமை என்னும் குறைக்கு ஆளாகின்றனர். இத்துணைப் பேர் விடையை எதிர்நோக்கியிருக்கும் துறையில், ஆராய்ச்சிக் கூடத்தில் அரும்பும் ஒவ்வொரு கருத்தும் முற்றுப்பெற்ற சிகிச்சையாகவே மக்களிடையே பரவிவிடுகிறது. மின்குறிகள் எதனை உரைக்கும், எதனை உரைக்கமாட்டா என்பதைப் பிரித்தறிவது ஆய்வாளருக்கு மட்டுமன்றி, மக்களோடு நேரில் பழகும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாததாகிறது.

தசையில் பிறக்கும் மின்சாரம்

கருப்பையின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்ளே மாதந்தோறும் வளர்ந்து உதிரும் உட்படலமும், வெளியே மெல்லிய உறையும், இவ்விரண்டுக்கும் நடுவே தடித்த தசையும் அமைந்துள்ளன. இத்தசை கைகால் தசைகளைப் போல மனிதர் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதன்று, தானே இயங்குவது.

தசையின் உயிரணு ஓய்ந்திருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைக் காட்டிலும் சுமார் 50 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மை பெற்றிருக்கும். உயிரணுச் சவ்விலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் அயனிகள் உள்ளே புகும்போது இந்நிலை மாறி, ஒரு மின்துடிப்பு எழுகிறது. அதே கால்சியமே தசை சுருங்குவதற்கும் காரணமாகிறது. ஆதலால், மின்துடிப்பை அறிந்தால் சுருக்கத்தின் தோற்றுவாயை அறிந்ததாகும்.

ஒரே ஒரு துடிப்பால் கருப்பை சுருங்கிவிடுவதில்லை. துடிப்புகள் பல அடுத்தடுத்து ஒரு கொத்தாக எழுகின்றன. கொத்து நீடிக்கும் வரை சுருக்கம் நீடிக்கிறது. எத்தனை உயிரணுக்கள் அதில் ஒருங்கே பங்கு கொள்கின்றனவோ அதற்கேற்பச் சுருக்கத்தின் வலிமையும் கூடுகிறது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைப்பதற்கென ஓரிடம் நிலையாக அமைந்துள்ளது. கருப்பையில் அவ்வாறான நிலையான இடம் எதுவும் அறியப்படவில்லை. ஒரு சுருக்கம் ஒரு மூலையிலும் அடுத்தது வேறொரு மூலையிலும் தொடங்கலாம். இதய மின்வரைவைப் படிப்பதைவிடக் கருப்பை மின்வரைவைப் படிப்பது கடினமாவதற்கு இதுவே முதற்காரணம்.

பதிவின் வரலாறு

மனிதக் கருப்பையின் மின்மாற்றங்களைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்றினை ஜெர்மனியில் போடே என்பவர் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீர், ஹெர்ட்ஷ் ஆகிய இருவரும் பிரசவ காலத்து மின்பதிவுகளை ஆராய்ந்து எழுதினர். ஏறத்தாழ அதே காலத்தில் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில் கால்டெய்ரோ பார்சியாவும் ஆல்வாரெசும் கருப்பையின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்து, சுருக்கத்தின் அளவைக் குறிக்க ஓர் அலகையும் வகுத்தனர். மகப்பேற்று மருத்துவத்தில் இன்றும் அது மாண்டிவிடியோ அலகு என்றே வழங்குகிறது.

மின்குறிகளுக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பு பின்னர்த் தெளிவாயிற்று. புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கருப்பைத் தசையில் கிளர்ச்சி பரவாமல் தடுத்து அதனை அமைதியில் வைக்கிறது என்ற கருத்தை ஆர்பாட் சாப்போ 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1977-ஆம் ஆண்டில் கார்ஃபீல்டும் அவருடைய துணைவரும் மற்றொரு உண்மையைக் கண்டனர். உயிரணுவிலிருந்து உயிரணுவுக்கு மின்குறி கடந்து செல்ல வழிவிடும் நுண்ணிய இணைப்புகள் பிரசவத்தை ஒட்டிய காலத்தில் மட்டுமே கருப்பைத் தசையில் பெருகுகின்றன என்பதே அது. தனித்தனியே முணுமுணுத்துக் கொண்டிருந்த உயிரணுக்கள் ஒரே குரலில் முழங்கத் தொடங்குவதற்கு இவ்விணைப்புகளே காரணம். 1990-களில் கார்ஃபீல்டின் குழுவினர், வயிற்றின் தோல்மீது வைத்த மின்வாய்களைக் கொண்டே இக்குறிகளைப் பதிவு செய்ய இயலும் என்பதை விலங்குகளிடத்தும் கருவுற்ற பெண்களிடத்தும் காட்டினர். கருவிகளை உள்ளே செலுத்தாமலே கருப்பையின் செயலை அறிய இதனால் வழி பிறந்தது.

மாதச் சுழற்சியில் எழும் அலைகள்

மேற்கூறியவற்றுள் பெரும்பான்மை பிரசவம் பற்றியவை. கருத்தரிப்பு ஆராய்ச்சிக்கு வேண்டுவது கருவுறாத கருப்பையின் செயல். இங்குத் தசை முழுவதும் சுருங்குவதில்லை. உட்படலத்தை அடுத்துள்ள உட்தசைப் பகுதியே பெரிதும் அசைகிறது. மாதவிலக்கு நாட்களில் இவ்வலைகள் மேல்முகட்டிலிருந்து வாயை நோக்கி இறங்கி, உதிர்ந்தவற்றை வெளியேற்ற உதவுகின்றன. அதன்பின் அவற்றின் திசை மாறுகிறது. முட்டை முதிர்ந்துவரும் நாட்களில் அவை கருப்பை வாயிலிருந்து மேல்முகட்டை நோக்கி ஏறுகின்றன. முட்டை வெளிப்படும் நாள் நெருங்குந்தோறும் எண்ணிக்கையிலும் மிகுகின்றன. முட்டை வெளிப்பட்ட பின்னர்ப் புரோஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையை அமைதிப்படுத்துகிறது.

இவ்வேற்றம் எதற்கு உதவுகிறது? ஜெர்மனியில் லைன்டெக்கர், குன்ஸ் முதலியோர் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறியது. விந்தணுவின் அளவையொத்த, கதிரியக்கக் குறியிட்ட நுண்துகள்களைப் பெண்ணுறுப்பின் உட்பகுதியில் வைத்து அவை செல்லும் வழியை அவர்கள் கண்காணித்தனர். தாமாக நீந்தும் ஆற்றலற்ற அத்துகள்கள் சில நிமிடங்களிலேயே கருப்பையை அடைந்தன. அதுமட்டுமன்று, முட்டை முதிர்ந்துவரும் நாட்களில் அவை எந்தப் பக்கத்துச் சினைப்பையில் முட்டை முதிர்ந்திருந்ததோ அந்தப் பக்கத்துக் குழாயையே பெரிதும் நாடிச் சென்றன. விந்தணு தன் முயற்சியால் மட்டும் முன்னேறுவதில்லை. கருப்பையின் அசைவும் அதனை ஏந்திச் செல்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

சோதனைக் குழாய் முறையும் கருப்பையின் அமைதியும்

உடலுக்கு வெளியே கருவூட்டி, அக்கருவைக் கருப்பையினுள் வைக்கும் முறையில் இவ்வசைவுகள் வேறொரு முக்கியத்துவம் பெறுகின்றன. கருவை வைக்கும் வேளையில் கருப்பை அடிக்கடி சுருங்குமாயின், அக்கரு பதிவதற்கு முன்னரே இடம் பெயர்ந்துவிடக் கூடும் அன்றோ? பிரான்சு நாட்டில் ஃபான்ஷான் முதலியோர் இதனை ஆராய்ந்தனர். இருநூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம், கருவை வைப்பதற்குச் சற்று முன்னர்க் கேளா ஒலி அலைப் படத்தின் மூலம், அதாவது மக்கள் ஸ்கேன் என்று கூறும் முறையால், சுருக்கங்களை எண்ணினர். 1998-ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. நிமிடத்துக்கு மூன்றோ அதற்குக் குறைவாகவோ சுருக்கங்கள் இருந்தவர்களில் 53 சதவிகிதத்தினர் கருவுற்றனர். ஐந்துக்கு மேற்பட்டிருந்தவர்களில் 14 சதவிகிதத்தினரே கருவுற்றனர்.

இதனைக் கண்டதும், சுருக்கத்தை மருந்தால் அடக்கிவிட்டால் கரு பதிவது எளிதாகும் என்று எண்ணுவது இயல்பே. ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் அட்டோசிபான் என்ற மருந்து, குறைப்பிரசவ வலியைத் தணிப்பதற்குப் பயன்பட்டு வருவது. அதனைக் கருவை வைக்கும் வேளையில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஹாங்காங், சீனம், வியட்நாம் ஆகிய இடங்களைச் சேர்ந்த 800 பெண்களிடம் நடத்தப்பட்டது. எவருக்கு மருந்து, எவருக்கு மருந்தற்ற நீர்மம் என்பது மருத்துவருக்கும் பெண்ணுக்கும் தெரியாதவாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. 2014-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 39.8 சதவிகிதத்தினரும் பெறாதவர்களில் 38.0 சதவிகிதத்தினரும் உயிருள்ள குழந்தையை ஈன்றனர். இச்சிறு வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள் அடங்குவது; மருந்தால் பயன் விளைந்தது என்று கூற இடமில்லை.

முன்னைய ஆராய்ச்சி பொய்யென்று இதனால் ஆகிவிடாது. மிகுந்த சுருக்கமும் கரு பதியாமையும் சேர்ந்து காணப்பட்டன என்பதே அது கூறியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதை அது நிலைநாட்டவில்லை. மேலும், 2014-ஆம் ஆண்டின் ஆய்வில் சுருக்கம் மிகுந்தவர்களை மட்டும் தெரிந்தெடுத்து மருந்து தரப்படவில்லை. சிகிச்சைக்கு வந்தவர்களுக்குப் பொதுவாகவே தரப்பட்டது. உண்மையில் சுருக்கம் மிகுந்தவர் எவர் என்பதை முன்கூட்டியே திட்டமாக அறிய வேண்டுமாயின், நம்பத்தக்க அளவுகோல் ஒன்று தேவை. ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்து எண்ணும்போது எண்ணுபவரைப் பொறுத்து எண்ணிக்கை மாறுபடலாம். மின்குறிகளின் பகுப்பாய்வு இவ்விடத்தில்தான் கைகொடுக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.

இரைச்சலினின்று குறியைப் பிரித்தல்

தோலை வந்தடையும் கருப்பை மின்குறி மிக நுண்ணியது. பிரசவ காலத்தில்கூட அது பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு மைக்ரோவோல்ட் அளவே இருக்கும். அதன் அதிர்வெண் பொதுவாக நொடிக்கு 0.1 முதல் 3 வரையிலான எல்லைக்குள் அமைகிறது. இடையூறு அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எளிய கணக்கால் இதனை மாணவர்க்கு விளக்கலாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 72 எனில், 72-ஐ 60-ஆல் வகுக்க நொடிக்கு 1.2 ஆகிறது. மூச்சு நிமிடத்துக்கு 15 எனில் நொடிக்கு 0.25 ஆகிறது. இவ்விரண்டும் கருப்பைக் குறியின் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. வீட்டு மின்சாரத்தின் 50 அதிர்வுகள் தொலைவில் இருப்பதால் அதனை வடிகட்டியால் எளிதில் நீக்கிவிடலாம். இதயத்தையும் மூச்சையும் அவ்வாறு நீக்க முற்பட்டால், தவிட்டோடு அரிசியும் போய்விடும். இக்காரணம் பற்றிப் பல ஆராய்ச்சிகள் நொடிக்கு 0.3-க்குக் கீழ்ப்பட்ட பகுதியை விலக்கிவிட்டும், இதயத் துடிப்பைத் தனியே அளந்து கழித்தும் கணக்கிடுகின்றன.

இங்கு இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. நிமிடத்துக்கு மூன்று சுருக்கங்கள் என்பது நொடிக்கு 0.05 ஆகும். அது கொத்துகளின் எண்ணிக்கை. மேலே சொன்ன 0.1 முதல் 3 வரை என்பது கொத்தின் உள்ளே இருக்கும் துடிப்புகளின் அதிர்வெண். ஒரு வகுப்பறையில் ஒரு நாளைக்கு எத்தனை பாடவேளைகள் என்பதும், ஒரு பாடவேளையில் ஆசிரியர் எத்தனை சொற்களைப் பேசினார் என்பதும் வேறு வேறன்றோ? அதுபோலவே இதுவும்.

கருவுறாத கருப்பையில் தொல்லை இன்னும் மிகுதி. நிறைமாதக் கருப்பை சுமார் ஒரு கிலோகிராம் எடையுடன் வயிற்றின் முன்சுவரை ஒட்டி நிற்கும். கருவுறாத கருப்பையோ ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமே கொண்டு, இடுப்பெலும்புக் கூட்டினுள் மூத்திரப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதன் குறி தோலை அடைவதற்குள் வெகுவாக மங்கிவிடுகிறது; குடலின் அசைவும் உடன் கலக்கிறது.

விரைவை அளக்கும் முறை

குறி எத்திசையில், எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பது ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. ஒன்றுக்கொன்று 7 சென்டிமீட்டர் தொலைவில் இரு மின்வாய்கள் உள்ளன எனக் கொள்க. முதலாவதைக் கடந்த அலை 1.4 நொடி கழித்து இரண்டாவதை அடைந்தால், விரைவு நொடிக்கு 5 சென்டிமீட்டர். கணக்கு எளிதுதான். ஆயினும் இதில் ஒரு வலை விரிக்கப்பட்டுள்ளது.

பள்ளியில் அகன்ற நீர்த்தொட்டி ஒன்றில் இரு தக்கைகளை மிதக்கவிட்டு இதனைச் செய்து காட்டலாம். தக்கைகள் இருக்கும் நேர்கோட்டிலேயே, அவற்றுக்கு அப்பால் ஒரு சிறு கல்லை இட்டால், முதல் தக்கை அசைந்து சற்று நேரம் கழித்தே மற்றது அசையும். இரு தக்கைகளுக்கும் சம தொலைவில் பக்கவாட்டில் கல்லை இட்டால் இரண்டும் ஒரே கணத்தில் அசையும். அலையின் விரைவு மாறவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தால் விரைவு எல்லையற்றது என்று வரும்! சாய்வாக 60 பாகைக் கோணத்தில் வரும் அலையின் கால இடைவெளி பாதியாகக் குறைவதால், விரைவு இரு மடங்காகத் தோன்றும். கருப்பையில் அலை எங்கே தொடங்கும் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், இரண்டு மின்வாய்கள் போதா. பல மின்வாய்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, எல்லாவற்றின் கால வேறுபாட்டையும் சேர்த்தே திசையையும் விரைவையும் காண வேண்டும்.

எண்கள் ஏமாற்றும் விதம்

ஸ்லோவேனியா நாட்டின் லியூப்லியானா நகரில் கருவுற்ற பெண்களிடம் எடுத்த 300 மின்பதிவுகள், ஆராய்ச்சியாளர் எவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் 262 நிறைமாதப் பிரசவத்திலும் 38 குறைப்பிரசவத்திலும் முடிந்தவை. பதிவைக் கொண்டே குறைப்பிரசவத்தை முன்னறிந்து சொல்ல முடியுமா என்று பலர் முயன்றனர்.

எந்தப் பதிவையும் பாராமலே எல்லாம் நிறைமாதமே என்று ஒருவர் சொல்லிவிட்டால், 300-க்கு 262 சரியாகும்; அதாவது 87 சதவிகிதத்துக்கும் மேல். ஆயினும் குறைப்பிரசவம் ஒன்றைக்கூட அவர் கண்டறிந்தவராகார். ஆகவே சரியான விடைகளின் விகிதத்தை மட்டும் காட்டுவது பயனற்றது.

இதைவிட நுட்பமான பிழையும் நிகழ்ந்தது. 38 பதிவுகள் மிகக் குறைவாக இருந்தமையால், அவற்றை ஒத்த செயற்கைப் பதிவுகளைக் கணிப்பொறியால் உண்டாக்கி எண்ணிக்கையைச் சமப்படுத்துவது ஒரு முறை. இதனைப் பயிற்சிப் பகுதிக்கு மட்டும் செய்தால் குற்றமில்லை. சிலர் எல்லாப் பதிவுகளையும் முதலில் பெருக்கிவிட்டு, அதன் பின்னரே பயிற்சிக்கென்றும் சோதனைக்கென்றும் பிரித்தனர். வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே எண்ணைச் சிறிது மாற்றித் தேர்வில் கேட்பது போன்றது இது. மாணவன் நூற்றுக்கு நூறு வாங்குவான். கணக்கு அறிந்தான் என்று கொள்ள முடியாது. ஏறக்குறையப் பிழையற்ற முன்னறிவிப்பு என்று வெளிவந்த பல முடிவுகள் இவ்வாறு விளைந்தவையே என்பதைப் பெல்ஜியம் நாட்டின் ஆராய்ச்சியாளர் 2021-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். முறையைத் திருத்திச் செய்தபோது அந்த உயர்ந்த எண்கள் பெரிதும் சரிந்தன. கருத்தரிப்பு ஆராய்ச்சியில் பதிவுகளின் தொகை இன்னும் சிறியதாதலின், இவ்வெச்சரிக்கை அங்கு மேலும் பொருந்தும்.

இன்றைய நிலை

கருவுறாத பெண்களிடம் வயிற்றின் தோல்மீதிருந்தே மின்குறிகளைப் பதிவு செய்து, மாதச் சுழற்சியின் கட்டங்களுக்கிடையே வேறுபாடு காண இயலும் என்பதை நெதர்லாந்தின் ஐண்டோவன் நகர் ஆராய்ச்சியாளர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 192 வரையிலான மின்வாய்களையும் காந்த அதிர்வுப் படத்தையும் இணைத்து, பிரசவ காலத்தில் கருப்பையின் எப்பகுதி எப்போது கிளர்கிறது என்பதை முப்பரிமாணப் படமாக வரையும் முறை உருவாக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளிவந்தன. இவை நம்பிக்கை தரும் தொடக்கங்கள். எனினும், மின்வரைவைக் கொண்டு இன்னாருக்கு இன்ன நாளில் கருவை வைக்கலாம் என்று முடிவு செய்வதால் குழந்தைப் பேறு மிகும் என்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. அதனை நிலைநாட்ட வேண்டுமாயின், முதலில் அளவீடு நம்பத்தக்கதாதல் வேண்டும். பின்னர் அவ்வளவீட்டால் தெரிந்தெடுக்கப்பட்டவர்களிடம் சிகிச்சையைச் சோதித்தல் வேண்டும். இறுதியில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டே முடிவு கூறுதல் வேண்டும்.

களப்பணியாளர் கருத்தில் கொள்ள வேண்டுவன

கருவுறாமைக்குப் பெண்ணின் கருப்பையே காரணம் என்று கொள்வது தவறு. ஆணிடத்திலும், பெண்ணிடத்திலும், இருவரிடத்திலுமே காரணம் இருக்கலாம். எனவே தம்பதிகள் இருவரும் ஒருங்கே பரிசோதனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்துவதே முதற்கடமை. கருப்பையின் அசைவுகள் இயற்கையானவை. அவற்றை நோயென்று எண்ணி அஞ்சவோ, அடக்குவதற்கு மருந்து தேடவோ தேவையில்லை.

நம் நாட்டில் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி பதிவு பெற்ற நிலையங்களே இத்தகைய சிகிச்சையை அளிக்கலாம். சிகிச்சை பெறுவோரின் எழுத்து மூலமான ஒப்புதலும் வேண்டும். புதிய சோதனை ஒன்றுக்கோ கூடுதல் மருந்துக்கோ பணம் கேட்கப்படும்போது, அதனால் குழந்தைப் பேறு மிகுந்தது என்பதற்குச் சான்று உண்டா என்று வினவும் உரிமை தம்பதிகளுக்கு உண்டு. அவ்வினாவைத் தயக்கமின்றிக் கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவது களப்பணியாளரால் ஆகக்கூடிய பெருந்தொண்டு.

நுண்ணிய மின்குறி ஒன்றைப் பெரும் இரைச்சலினின்று பிரித்தெடுக்க ஆய்வாளர் எத்தனை பொறுமை காட்டுகின்றனரோ, அத்தனை பொறுமை அதன் பொருளை உரைப்பதிலும் வேண்டும். வளைகோட்டைப் படிப்பதில் நேரும் பிழையின் சுமை இறுதியில் வந்து விழுவது, குழந்தைக்கு ஏங்கி நிற்கும் குடும்பங்களின் மீதேயாகும்.